நலம் நாடுவோம்: மின்சாரம் தசையை வளர்க்குமா?



மீஞ்சூர் தொடங்கி பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வரை மாலை வேளைகளில் கபடிக் களங்களில் இளைஞர்கள் கூடுவதை நாம் காண்கிறோம். கல்லூரி மாணவர்களும் உண்டு. ஆலையில் பகல் ஷிப்ட் முடித்து வந்தவர்களும் உண்டு. உடலுக்கும் உள்ளத்திற்கும் நலம் தரும் விளையாட்டுத்தான். ஆயினும் களம் என்றால் காயமும் இருக்கும். எதிரணியினர் காலைப் பற்றி இழுக்கையில் முழங்கால் முறுக்கிக்கொண்டு, உள்ளிருக்கும் தசைநார் அறுந்துபோவது இவ்விளையாட்டில் அடிக்கடி நேர்வதாகும். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பிள்ளையைப் பார்த்து மருத்துவர், "தொடைத் தசை இளைத்துவிட்டது, பிசியோதெரபி செய்யவேண்டும், கரண்ட் வைக்கவேண்டும்" என்கிறார்.

இதைக் கேட்டதும் வீட்டில் இருவகை எண்ணங்கள் எழுகின்றன. "அடிபட்ட காலில் கரண்ட் வைத்தால் நரம்பு கெட்டுவிடாதா?" என்று உம்மா அஞ்சுகிறார். அதே வீட்டின் இளைய பிள்ளையோ வேறு கணக்குப் போடுகிறான். "இளைத்துப்போன தசையையே மின்சாரம் வளர்க்கும் என்றால், நல்ல உடம்புக்காரனான எனக்கு இருமடங்கு வளர்க்குமே! ஓர் இயந்திரம் வாங்கிக்கொண்டால் உடற்பயிற்சிக் கூடத்திற்கு ஏன் போகவேண்டும்?" என்பது அவன் கேள்வி.

இருவர் எண்ணமும் சரியன்று. தசைக்கு மின்சாரம் எப்போது உதவும், எப்போது உதவாது, எப்போது தீங்கிழைக்கும் என்பதை அறிந்துகொண்டால், தேவையுள்ள பிள்ளைக்குச் சிகிச்சை தவறாது. தேவையற்ற பிள்ளையின் பணமும் வீணாகாது. ஆகவே இம்மாதம் இப்பொருளைச் சற்று விரிவாகக் காண்போம்.

மீனில் தொடங்கிய மருத்துவம்

உடலில் மின்சாரம் பாய்ச்சி நோய் தீர்க்கும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கடலில் மின்திருக்கை என்றொரு மீன் உண்டு. தொட்டவர் கை மரத்துப்போகும்படி அதிர்ச்சி தரவல்லது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்னும் ரோமானிய மருத்துவர், தலைவலிக்கும் கீல்வாதத்திற்கும் இம்மீனை உயிரோடு வைத்துச் சிகிச்சை செய்யும் முறையை எழுதி வைத்தார். நைல் நதியில் இதே ஆற்றல் கொண்ட கெளிற்று மீன் ஒன்று வாழ்கிறது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் தங்கியிருந்த பக்தாத் நகர அறிஞர் அப்துல் லத்தீஃப், அதைத் தொடுவோருக்கு உண்டாகும் நடுக்கத்தையும் மரப்பையும் தம் நூலில் விவரித்திருக்கிறார். அரபு மொழியில் அம்மீனுக்கு வழங்கும் பெயர், இடியைக் குறிக்கும் 'ரஅத்' என்னும் சொல்லோடு ஒரே வேரிலிருந்து பிறந்ததாகும்.

அந்த நடுக்கத்தின் காரணம் பிற்காலத்தில்தான் விளங்கியது. இத்தாலியின் போலோனா நகரில் வாழ்ந்த கால்வனி, இறந்த தவளையின் காலில் மின்சாரம் பட்டதும் தசை துள்ளுவதைக் கண்டு, 1791ஆம் ஆண்டு தம் ஆய்வை வெளியிட்டார். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் டுஷேன், தோலின் மேல் மின்முனைகளை வைத்துக் குறிப்பிட்ட ஒரு தசையை மட்டும் இயக்கும் முறையை வகுத்து 1855ஆம் ஆண்டு நூலாக எழுதினார். இன்று நம் ஊர் பிசியோதெரபி நிலையங்களில் காணும் சிகிச்சை அவ்வழி வந்ததே.

தசை இயங்கும் விதம்

நாம் கையை மடக்க நினைத்தால் மூளையிலிருந்து புறப்படும் செய்தி தண்டுவடம் வழியாக நரம்பில் இறங்கித் தசையை அடைகிறது. அச்செய்தியும் ஒருவகை மின் துடிப்புத்தான். இயந்திரம் செய்வது என்ன? தோலின் மேல் ஒட்டிய இரண்டு பட்டைகளின் வழியே சிறு துடிப்புகளை அனுப்பி, தசைக்குள் நுழையும் நரம்புக் கிளையைத் தட்டி எழுப்புகிறது. மூளை கட்டளையிடாமலே தசை சுருங்குகிறது.

வீட்டுச் சுவரில் ஓடும் 230 வோல்ட் மின்சாரத்தோடு இதை ஒப்பிட்டு அஞ்சவேண்டியதில்லை. சிகிச்சைக் கருவி மில்லி ஆம்பியர் அளவில் மின்சாரத்தைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. ஒரு துடிப்பு ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் 3 பங்கு நேரம் நீடிக்கிறது என்றும், விநாடிக்கு 50 துடிப்புகள் வருகின்றன என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு விநாடியில் 100இல் ஒன்றரைப் பங்கு நேரம்தான் மின்சாரம் பாய்கிறது. முறையான கருவியை முறையறிந்தவர் வைக்கும்போது நரம்பு கெடுவதில்லை. உம்மாவின் அச்சத்திற்கு இதுவே விடை.

இளைய பிள்ளையின் கணக்கு எங்கே பிழைக்கிறது என்பதை அறிய, தசையின் உள்ளே சற்று எட்டிப் பார்க்கவேண்டும். ஒரு தசையில் ஆயிரமாயிரம் இழைகள் உள்ளன. சில மெதுவாக இயங்கி நெடுநேரம் களைக்காதவை. சில விரைந்து பெருவலிமை காட்டி விரைவில் களைப்பவை. நாம் நம் விருப்பத்தால் தசையை இயக்கும்போது, மூளை முதலில் களைக்காத சிறு தொகுதிகளை அழைக்கிறது. பாரம் கூடக் கூடப் பெரிய தொகுதிகளை அழைக்கிறது. அழைத்தவற்றையும் மாற்றி மாற்றி வேலை வாங்குகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஒரு ஷிப்ட் போய் மறு ஷிப்ட் வருவதைப்போல, ஓர் இழைத்தொகுதி உழைக்கும்போது மற்றொன்று இளைப்பாறுகிறது.

மின் தூண்டலில் இந்த முறை இல்லை. பட்டைக்கு அருகில் உள்ள நரம்புக் கிளைகள் எவையோ அவையே, சிறிது பெரிது என்ற வேறுபாடின்றி, ஒரே நேரத்தில் எழுப்பப்படுகின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் அதே இழைகளே மீண்டும் மீண்டும் உழைக்கின்றன. ஷிப்ட் மாறாமல் அதே தொழிலாளரை ஓவர்டைமில் நிறுத்தியதைப் போன்றது இது. ஆகவே தசை விரைவில் களைத்துவிடுகிறது. பட்டைக்கு எட்டாத தொலைவில் உள்ள இழைகளோ வேலையே பெறுவதில்லை.

மாஸ்கோவிலிருந்து வந்த செய்தி

விளையாட்டு வீரர்களிடையே இம்முறை பெயர்பெற்றதற்குச் சோவியத் நாட்டு ஆய்வாளர் யாகோவ் கோட்ஸ் காரணமானவர். அவர் 1970களில் வகுத்த முறை, விநாடிக்கு 2500 சுழற்சிகள் கொண்ட மின்சாரத்தை 50 கொத்துகளாக வெட்டி அனுப்புவதாகும். தசை 10 விநாடி இறுகும்; 50 விநாடி ஓய்வு; இவ்வாறு 10 முறை. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கனடாவின் மான்ட்ரியால் நகரில் 1977ஆம் ஆண்டு நடந்த கருத்தரங்கில், தேர்ந்த வீரர்களின் வலிமை இம்முறையால் 40 விழுக்காடு வரை கூடியதாக அவர் கூறியதும் விளையாட்டு உலகம் வியந்து நின்றது. 'ரஷ்ய மின்சாரம்' என்ற பெயரும் நிலைத்தது.

பிற நாடுகளில் ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தனர். அந்த 40 விழுக்காடு அவர்கள் கைக்கு எட்டவில்லை. நலமுள்ள ஒருவர் சில வாரங்கள் மின் தூண்டல் செய்துகொண்டால் வலிமை கூடுவது உண்மையே. ஆனால் அதே காலம் தாமாகவே பாரம் தூக்கிப் பயின்றவருக்குக் கிடைப்பதைவிட அது பொதுவாக மிகுவதில்லை. பெரும்பாலும் அதற்குச் சமமாகவோ குறைவாகவோதான் இருக்கிறது. வழக்கமான பயிற்சியோடு சேர்த்துச் செய்தபோது சில ஆய்வுகளில் தாவும் திறன் போன்றவற்றில் சிறிது முன்னேற்றம் காணப்பட்டது. பயிற்சியின் இடத்தை இயந்திரம் பிடித்ததாக எந்த முடிவும் இல்லை.

கனடா நாட்டு ஓட்டப் பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ் தம் வீரர்களுக்கு மின் தூண்டலைப் பயன்படுத்தியவர். அவருடைய மாணவர் பென் ஜான்சன் 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடி உலகை அதிரவைத்தார். மூன்றே நாட்களில் ஊக்கமருந்து வெளிப்பட்டுப் பதக்கம் பறிக்கப்பட்டது. புகழ்பெற்ற வீரர் ஒருவர் ஏதோ ஓர் இயந்திரத்தைக் காட்டி "இதுதான் என் வலிமை" என்று விளம்பரத்தில் சொன்னால், அவருடைய வலிமைக்கு வேறு எத்தனை காரணங்கள் உள்ளன என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நீடித்து உழைக்கும் ஆற்றல்

வலிமை ஒன்று, களைக்காமல் நீடித்து உழைப்பது வேறொன்று. ஓட்டக்காரருக்கும், பழவேற்காடு ஏரியில் படகு வலிக்கும் மீனவருக்கும் இரண்டாவதே பெரிதும் வேண்டும். பிரிட்டனில் சால்மன்ஸ், விர்போவா என்னும் இருவர் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதில் குறிப்பிடத்தக்கது. விலங்குகளின் விரைவுத் தசைக்கு மெதுவான மின் துடிப்புகளை இடைவிடாது வாரக்கணக்கில் கொடுத்தபோது, அத்தசை மெதுவாக இயங்கும் தசையின் இயல்பைப் பெற்றது. தசை தன் இயல்பையே மாற்றிக்கொள்ளவல்லது என்பது அதனால் தெரிந்தது.

அதைக் கண்டு, வாரம் மூன்று நாள் அரைமணி நேரம் பட்டை கட்டினால் மாரத்தான் ஓடலாம் என்று முடிவு செய்வது தவறு. நீடித்து ஓடுவதற்குத் தசை மட்டும் போதாது. இதயமும் நுரையீரலும் இரத்தக் குழாய்களும் சேர்ந்து பழகவேண்டும். அவை பழகுவதற்கு ஓடவேண்டும், நீந்தவேண்டும், மிதிவண்டி மிதிக்கவேண்டும். நடக்கவே இயலாத இதய நோயாளிகளுக்கும் நுரையீரல் நோயாளிகளுக்கும் மருத்துவர் மேற்பார்வையில் தொடைத் தசைக்கு மின் தூண்டல் கொடுத்து ஓரளவு பயன் கண்டிருக்கிறார்கள். ஓட முடிந்தவருக்கு ஓட்டமே மேல்.

உண்மையில் யாருக்குப் பயன்?

முழங்கால் அறுவைக்குப் பிறகு விந்தையான ஒன்று நிகழ்கிறது. தசையில் குறையில்லை; நரம்பிலும் குறையில்லை. ஆயினும் வீங்கிய மூட்டிலிருந்து செல்லும் செய்திகளால், தண்டுவடம் தொடைத் தசையை முழுமையாக இயங்கவிடாமல் தடுத்துவிடுகிறது. பிள்ளை எவ்வளவு முயன்றாலும் தொடை இறுகுவதில்லை. "முயற்சி செய்யாமல் சோம்பிக் கிடக்கிறான்" என்று வீட்டார் கடிந்துகொள்வதும் உண்டு. அது சோம்பலன்று. அத்தகைய நேரத்தில் மின் துடிப்பு அந்தத் தடையைத் தாண்டி, தசைக்கு அருகிலேயே நரம்பைத் தட்டி வேலை வாங்குகிறது.

அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று நம் கவனத்திற்குரியது. முழங்கால் முன் குறுக்குத் தசைநார் அறுவை செய்துகொண்ட 110 பேரைப் பிரித்து, எல்லாருக்கும் உடற்பயிற்சி கொடுத்து, அதோடு வெவ்வேறு சிகிச்சைகளையும் கொடுத்தனர். நான்கு வாரச் சிகிச்சைக்குப் பின், வலுவான மின் தூண்டல் பெற்றவர்களின் தொடை வலிமை நல்ல காலோடு ஒப்பிட 70 விழுக்காட்டை எட்டியது. தம் முயற்சியால் மட்டும் பயின்றவர்கள் 57 விழுக்காட்டில் இருந்தனர். மெல்லிய மின்சாரம் தரும் சிறு கருவியைப் பயன்படுத்தியவர்களோ 51 விழுக்காட்டில் நின்றனர்.

இந்த மூன்று எண்களில் நமக்குப் பாடம் உண்டு. காயம்பட்ட தசைக்கு மின்சாரம் மெய்யாகவே கைகொடுக்கிறது. அந்த மின்சாரம் தசையை நன்கு இறுக்கும் அளவு இருக்கவேண்டும்; இதமாகக் கூச்சம் காட்டும் அளவு போதாது. மேலும், உடற்பயிற்சியும் உடன் நடக்கவேண்டும். இயல்பாக இயங்க முடியாத தசைக்குத்தான் மின்சாரத்தின் பயன் மிகுதி. தசை நலம்பெறப் பெற அதன் பயன் குறைந்துகொண்டே வருகிறது. இளைய பிள்ளை இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டான்.

முழங்கால் தேய்ந்து நாற்காலியில் அமர்ந்து தொழும் முதியவர்களுக்கும், பக்கவாதத்தால் கை கால் தளர்ந்தவர்களுக்கும் இச்சிகிச்சை பிற பயிற்சிகளோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. இவ்வகை மறுவாழ்வு மருத்துவம் நம் மாநிலத்தில் வேரூன்றியதில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு. 1954ஆம் ஆண்டு சாலை விபத்தில் இடுப்பின் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அமெரிக்கா சென்று பயின்று, 1963இல் அங்குத் தொடங்கிய மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். தசைக்கும் மூட்டுக்கும் உயிரூட்டி நோயாளியை மீண்டும் வீட்டிற்கும் வேலைக்கும் அனுப்புவதே அத்துறையின் நோக்கம்.

விளம்பரங்களும் விபரீதங்களும்

வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்தால் தொப்பை கரைந்து கட்டுடல் வரும் என்ற விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2002ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசின் வணிக ஆணையம், இத்தகைய மூன்று மின்பட்டைகளின் விற்பனையாளர்கள் மீது பொய் விளம்பரம் செய்ததாக வழக்குத் தொடர்ந்தது. தசை துடிப்பது வேறு, அதன் மேல் படிந்த கொழுப்புக் கரைவது வேறு. உண்ட உணவுக்கும் செய்த உழைப்புக்கும் உள்ள கணக்கை எந்தப் பட்டையும் மாற்றிவிடாது.

அண்மைக் காலத்தில் பெருநகரங்களில் வேறொரு முறை பரவிவருகிறது. மின்முனைகள் பதித்த உடையை அணிவித்து, உடலின் பெருந்தசைகள் எல்லாவற்றையும் ஒருசேரத் தூண்டுகிறார்கள். 20 நிமிடத்தில் பல மணி நேரப் பயிற்சியின் பயன் என்பது விற்பனைப் பேச்சு. இதில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. பழகாத உடலில் முதல் நாளே மின்சாரத்தை மிகுதியாக வைத்தால் தசை இழைகள் சிதைந்து, அவற்றின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடலாம். உலகின் பல நாடுகளில் இவ்வாறு பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஜெர்மனி நாடு இத்தகைய கருவிகளின் பயன்பாட்டுக்குத் தனி விதிமுறைகளை 2020ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அமர்வு முடிந்த ஓரிரு நாளில் தாங்க முடியாத தசைவலி, வீக்கம், கட்டந்தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடலில் நீர் குறைந்திருக்கும்போது இந்த ஆபத்து கூடும். ஆகவே நோன்பு வைத்திருக்கும் பகற்பொழுதில் இத்தகைய கடும் பயிற்சியை அறவே தவிர்க்கவேண்டும். கோடை வெயிலில் ஆலையில் வியர்த்து உழைத்துவிட்டு நேரே அங்குச் செல்வதும் கூடாது.

யாருக்குக் கூடாது?

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கருவுற்ற தாய்மார்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், காலின் ஆழ்குழாயில் இரத்தக்கட்டு உள்ளவர்கள், புற்றுநோய்க் கட்டி உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரின் தெளிவான அனுமதியின்றி இதை நாடக்கூடாது. கழுத்தின் முன்புறத்திலும், நெஞ்சின் குறுக்காகவும், புண் உள்ள தோலிலும் பட்டை வைக்கலாகாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் தனிக் கவனம் கொள்ளவேண்டும். சுடுவது தெரியாத தோலில் மின்முனை கொப்புளம் உண்டாக்கினாலும் அவர்கள் உணரமாட்டார்கள். நம் வீடுகளில் சர்க்கரை நோய் மலிந்திருப்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறோம்.

சிகிச்சைக்குப் போகும் முன்

சிகிச்சை தருபவர் இயன்முறை மருத்துவத்தில் பட்டம் பெற்றவரா என்று கேட்டறியுங்கள், கேட்பதில் தவறில்லை. எந்தத் தசைக்கு, எத்தனை வாரம், எந்த அளவு முன்னேறினால் நிறுத்துவீர்கள் என்பதையும் கேளுங்கள். தொடையும் இடுப்பும் சிகிச்சைக்குரியவையானால், பெண்கள் பெண் பிசியோதெரபிஸ்டையே கேட்டுப் பெறலாம். பல நிலையங்களில் அவர்கள் பணியாற்றுகிறார்கள். படுக்க வைத்துக் கரண்ட் மட்டும் வைத்து அனுப்பினால், "வீட்டில் என்ன பயிற்சி செய்வது?" என்று விடாமல் கேளுங்கள். மின்சாரம் தசையை எழுப்பிய பிறகு, காலை நீட்டி மடக்கி நடக்கப் பழகவேண்டியவர் நோயாளியே.

நிலையத்திற்குச் செல்ல இயலாத முதியவர் வீட்டில் இருந்தால், 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். பணம் இல்லை என்பதற்காகத் தேவையுள்ள சிகிச்சையைக் கைவிடவேண்டாம்.

நலமுள்ள இளைஞர்களுக்கு ஒரு சொல். இயந்திரம் வாங்க எண்ணியுள்ள பணத்தில் நல்ல காலணி ஒன்று வாங்குங்கள். மீதியை முட்டைக்கும் பருப்புக்கும் மீனுக்கும் செலவிடுங்கள். வாரம் மூன்று நாள் உட்கார்ந்து எழும் பயிற்சியும், தண்டாலும், படிக்கட்டு ஏறுதலும், மற்ற நாட்களில் ஓட்டமும் தவறாது செய்யுங்கள். இரவில் நன்றாக உறங்குங்கள். மூன்று மாதம் இவ்வாறு ஒழுகினால் உங்கள் தொடையிலும் மூச்சிலும் உண்டாகும் மாற்றத்தைக் களத்தில் நீங்களே உணர்வீர்கள்.

அடுத்த இதழில், முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டிலேயே செய்யத்தக்க எளிய பயிற்சிகளைக் காண்போம், இன்ஷா அல்லாஹ்.